96 காலடியைக் கடந்த வில்வண்டி

ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நின்றால் உலகம் சுத்தமாக இருக்கும்? பழைய திருவிதாங்கூர் இதற்குக் கணக்கே வைத்திருந்தது. லண்டன் மிஷன் ஊழியராக அங்கே வாழ்ந்த சாமுவேல் மெட்டீர் 19-ம் நூற்றாண்டில் அந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். நாயர் நம்பூதிரியின் அருகில் போகலாம், தொடக் கூடாது. ஈழவர் 36 காலடி தள்ளி நிற்க வேண்டும். புலையர் நிற்க வேண்டியது 96 காலடிக்கு அப்பால். நாயரிடமிருந்து ஈழவருக்கு 12 காலடி, புலையருக்கு 66 காலடி. பறையருக்கு இடம் இன்னும் தள்ளி.

எண்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறின. எல்லா ஊரிலும் ஒன்று மட்டும் மாறவில்லை. தூரம் அதிகமாக ஆக, வயலில் செய்த வேலையும் அதிகமாக இருந்தது.

இந்தத் தூரத்தைத் தன் கால்களாலும் ஒரு மாட்டு வண்டியாலும் கடந்து காட்டியவர் அய்யன்காளி. களியக்காவிளையைத் தாண்டி, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரம் போகிற பேருந்து பாலராமபுரத்தில் நிற்கும். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது அவர் பிறந்த வெங்கானூர். நம் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதற்கு முன் நம் தாத்தாக்களும் பாட்டிகளும் வாழ்ந்தது இதே கணக்கு நடந்த ராஜ்யத்தில்தான். ஆகவே அய்யன்காளியின் வாழ்க்கையை அண்டை மாநிலத்துக் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

வயலும் தீட்டும்

புலையர் என்ற சொல்லுக்கு இரண்டு வேர்கள் சொல்வார்கள். ஒன்று புலம். வயல் என்று பொருள். இன்னொன்று புலை. தீட்டு, இழிவு என்று பொருள். மலையாளத்தில் சாவுத் தீட்டுக்கு இன்றும் புல என்றுதான் பெயர். எந்த வேர் சரி என்று மொழியறிஞர்கள் விவாதிக்கட்டும். வயலில் நின்ற மக்கள் தீட்டுக்குரிய மக்களாக ஆக்கப்பட்ட வரலாறு இந்த இரண்டு பொருளுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. நம் சங்கப் பாடல்களில் வரும் புலைத்தி, ஊரார் துணியின் அழுக்கை வெளுப்பவள். அழுக்கை உண்டாக்கியவருக்கு அந்தப் பெயர் இல்லை, நீக்கியவளுக்குத்தான் இருந்தது.

திருவிதாங்கூரில் புலையர்கள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். நிலம் இல்லாமலும் விற்கப்பட்டார்கள், வாடகைக்கும் அடமானத்துக்கும் விடப்பட்டார்கள். 1855-ல் மகாராஜாவின் அறிவிப்பு அடிமை முறையை ஒழித்தது. சட்டம் மாறிய பிறகும் பாதை திறக்கவில்லை. பொதுச் சாலையில் நடக்கக் கூடாது. சந்தைக்குள் நுழையக் கூடாது, வாங்க வேண்டியதை எட்டி நின்று வாங்க வேண்டும். பள்ளிக்கூடம் இல்லை. நீதிமன்றத்தில்கூடத் தூரத்தில் நின்றுதான் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி கூடாது.

பேச்சுக்கும் விதி இருந்தது. மேல்சாதியார் முன்னால் புலையர் நான் என்று சொல்லக் கூடாது, அடியன் என்று சொல்ல வேண்டும். தான் உண்ணும் சோற்றைச் சோறு என்று சொல்லக் கூடாது. கரிக்காடி என்று சொல்ல வேண்டும். தன் பிள்ளைகளைப் பிள்ளைகள் என்று சொல்லாமல் கன்று என்றோ குரங்கு என்றோ சொல்ல வேண்டும். பேசும்போது மூச்சுக் காற்று எதிரில் இருப்பவர்மேல் படாதபடி வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பெயர் அங்கே அடிமைத்தனம் இல்லை. ஆசாரம். அதாவது ஒழுக்கம். இந்த விதிகளைக் கடைப்பிடிக்கிற புலையர் நல்லவர், மீறுகிறவர் அகங்காரி. ஒருவரை ஒடுக்குவதற்கு வைத்த விதியையே அவருடைய நல்லொழுக்கத்துக்கு அளவுகோலாகவும் ஆக்கிவிட்டால், பிறகு காவலுக்கு ஆள் வைக்க வேண்டியதில்லை. பயமும் பக்தியும் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் இந்தத் தூய்மைக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. புலையர் ஓட்டிய மாடு சாலையில் போகலாம். புலையர் விதைத்து, களை பறித்து, அறுத்து, அடித்துக் குவித்த நெல் நேராகப் பத்தாயத்துக்குப் போகலாம், கோயில் மடப்பள்ளிக்கும் போகலாம். அந்தக் கை மட்டும் போகக் கூடாது. அதே புலையர் மதம் மாறி வேறு பெயர் வைத்துக்கொண்டால், பல இடங்களில் அவருக்குச் சாலை ஓரளவு திறந்தது. உடம்பில் ஒட்டியிருந்த தீட்டு என்றால், பெயர் மாற்றத்தில் எப்படிப் போகும்? இந்தக் கேள்வியை ஏட்டில் எழுதாமல் தெருவில் எழுப்பியதுதான் அய்யன்காளியின் வாழ்க்கை.

வெங்கானூர்ச் சிறுவன்

1863 ஆகஸ்ட் 28 அன்று அவர் பிறந்தார். தந்தை அய்யன், தாய் மாலா. காளி என்று பெயர் வைத்தார்கள். தந்தையின் பெயரும் சேர்ந்து அய்யன்காளி ஆனார். தந்தை உழைத்த நிலவுடைமைக் குடும்பம் அவருக்குச் சில ஏக்கர் நிலம் கொடுத்திருந்தது. சுற்றியிருந்த புலையர் குடும்பங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய காரியம். வயிற்றுக்காக அன்றாடம் ஒருவர் வாசலில் நிற்க வேண்டிய நிலை அந்த வீட்டுக்கு இல்லை. பின்னாளில் அவர் நிமிர்ந்து நின்றதற்கு இந்தச் சில ஏக்கர் மண்ணும் ஒரு காரணம் என்று நாம் நினைக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் இடமில்லாததால் எழுதப் படிக்கக் கற்கவில்லை. சிறுவர்களோடு பந்து விளையாடினார். அவர் உதைத்த பந்து ஒருநாள் பக்கத்து நாயர் வீட்டுக் கூரையில் விழுந்ததாகவும், வீட்டுக்காரர் ஏசி, இனி மேல்சாதிப் பிள்ளைகளோடு விளையாட வராதே என்று விரட்டியதாகவும் அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பந்தில் தீட்டு இருக்கிறது என்று அந்தச் சிறுவனுக்கு அன்றுதான் தெரிந்தது.

வளர்ந்தபோது நல்ல உயரம், கட்டான உடம்பு. தன்னைப் போன்ற இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு அடிமுறை பயின்றார். அடி வாங்குவது தலைவிதி என்று நம்பியிருந்த சேரிகளில், திருப்பி அடிக்கத் தெரிந்த ஒரு கூட்டம் உருவானது. 1888-ல் செல்லம்மாவை மணந்தார்.

அக்காலத்தில் திருவனந்தபுரம் தைக்காட்டில் ஆங்கிலேய ரெசிடென்சியில் கண்காணிப்பாளராக இருந்தவர் அய்யாவு சுவாமிகள். தமிழ்நாட்டிலிருந்து போனவர், சட்டம்பி சுவாமிகளும் நாராயண குருவும் யோகம் கற்ற ஆசான். சாதி பாராமல் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டார். அந்தப் பந்தியில் அய்யன்காளியும் உட்கார்ந்திருக்கிறார். வெளியே 96 காலடி என்று அளந்த அதே நகரத்தில், ஒரு வீட்டுக்குள் அந்தத் தூரம் ஓர் இலையின் அகலமாகச் சுருங்கியிருந்தது.

வண்டியில் ஏறியவர்

1893-ல் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். வில் வைத்துக் கட்டிய வண்டி குலுங்காமல் ஓடும். பிரபுக்கள் ஏறும் வாகனம் அது. புலையர் வண்டியில் பாரம் ஏற்றலாம், வண்டியைத் தள்ளலாம், தூக்கிவிடலாம். உட்காரக் கூடாது.

வெள்ளை வேட்டி, மேல்துண்டு, தலைப்பாகை. இந்தக் கோலத்தில் வண்டியில் உட்கார்ந்து பொதுச் சாலையில் போனார். மாட்டுக்குக் கட்டிய மணி ஓசையெழுப்பியது. வழியில் மறித்தார்கள். அவர் கத்தியை எடுத்துக் காட்டினார், மறித்தவர்கள் விலகினார்கள் என்று ஊர் சொல்கிறது. வண்டி நிற்கவில்லை.

இந்தச் செயலை நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் கோயிலுக்குள் போகக் கேட்கவில்லை. யாரையும் தொடவில்லை. யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை. மாடும் வண்டியும் தினமும் ஓடுகிற சாலையில், அதே மாட்டு வண்டியில், கொஞ்சம் உயரத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். ஆனால் ஊரே கொந்தளித்தது. அப்படியானால் ஊர் காத்துவந்தது சுத்தத்தையா, உயரத்தையா?

வண்டிக்குப் பின்னால் கால்கள் வந்தன. அடுத்த சில ஆண்டுகளில் அய்யன்காளியின் தலைமையில் புலையர்கள் கூட்டமாகப் பொதுச் சாலையில் நடந்தார்கள். பாலராமபுரத்தில் சாலியத் தெருவில் பெரிய மோதல் நடந்தது. இரண்டு பக்கமும் ரத்தம் சிந்தியது. சாலியர் நெசவாளர்கள், அந்த ராஜ்யத்தின் உச்சியில் இருந்தவர்கள் இல்லை. சாதியின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. 36 காலடியில் நிறுத்தப்பட்டவருக்கும் தனக்குக் கீழே 96 காலடியில் ஒருவர் நிற்கிறார் என்ற ஆறுதல் உண்டு. அந்த ஆறுதலைக் காப்பாற்றிக்கொள்ள அவரே கம்பை எடுத்துக்கொண்டு வருவார். மேலே இருப்பவர் வெயிலில் இறங்க வேண்டியதில்லை.

பள்ளிக்கூடமும் முட்டிப்புல்லும்

சாலைக்குப் பிறகு பள்ளிக்கூடம். எழுத்தறியாத அய்யன்காளி, எழுத்தின் பலத்தை நன்றாக அறிந்திருந்தார். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெங்கானூரில் தம் மக்களுக்காக ஓர் ஓலைப் பள்ளியைத் தொடங்கினார். ஆதிக்கக்காரர்கள் தீ வைத்தார்கள். மீண்டும் கட்டினார்.

1907-ல் சாது ஜன பரிபாலன சங்கம் உருவானது. ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகம் 1903-லேயே ஈழவர்களை ஒன்று திரட்டத் தொடங்கியிருந்தது. அதைப் பார்த்து ஊக்கம் பெற்றாலும், தம் சங்கத்தின் பெயரில் அய்யன்காளி சாதியைச் சேர்க்கவில்லை. சாது ஜனம் என்றார், அதாவது எளிய மக்கள். புலையரோடு மற்ற ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் அந்தக் கதவு திறந்திருந்தது. வாரத்தில் ஏழு நாளும் வேலை செய்த மக்களுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது சங்கத்தின் முதல் கோரிக்கைகளில் ஒன்று.

ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு ஆணையும் வந்தது. ஆணை கீழே இறங்கவில்லை. அதிகாரிகள் மூடி வைத்தார்கள், தலைமையாசிரியர்கள் கையை விரித்தார்கள். 1910-ல் அரசு மீண்டும் வலியுறுத்தியது. அப்போதும் கதவு திறக்கவில்லை.

அய்யன்காளி வேறொரு கதவைச் சாத்தினார். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் இல்லையென்றால் உங்கள் வயலில் நாங்கள் இறங்க மாட்டோம், உங்கள் புலத்தில் முட்டிப்புல் முளைக்கும் என்று அறிவித்தார். சொன்னபடியே நடந்தது. விதைப்பு நின்றது, களையெடுப்பு நின்றது. வயல்கள் புல்லாக வளர்ந்தன. நிலவுடைமையாளர்கள் சிலர் தாங்களே சேற்றில் இறங்கிப் பார்த்தார்கள், முடியவில்லை. சேறு யாருடைய காலுக்குப் பழகியது என்று அன்று தெரிந்தது.

வேலை நிறுத்தம் பல மாதங்கள் நீண்டது. அன்றாடக் கூலியில் வாழ்கிற மக்கள் எத்தனை நாள் பட்டினி கிடப்பார்கள்? அய்யன்காளி விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போய் மீனவர்களிடம் பேசினார். ஒவ்வொரு படகிலும் ஒரு வேலையாளைச் சேர்த்துக்கொள்ள அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கடல் கொடுத்த பங்கில் வயல் மக்களின் அடுப்பு எரிந்தது. கடலோர மக்கள் செய்த இந்த உதவி வரலாற்றில் இன்னும் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டியது.

கடைசியில் அரசு கண்டல நாகம் பிள்ளை என்ற மாஜிஸ்திரேட்டை நடுவராக அனுப்பியது. கூலி உயர்வு, பள்ளி அனுமதி, நடக்கும் உரிமை ஆகியவற்றில் புலையர் கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. சாதி, பொருளாதாரம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிற நம் காலத்து அரசியலுக்கு இந்தப் போராட்டத்தில் ஒரு பாடம் உண்டு. பிள்ளையின் சிலேட்டுக்காக விவசாயக் கூலிகள் அரிவாளைக் கீழே வைத்த போராட்டம் இது.

பஞ்சமி உட்கார்ந்த பெஞ்சு

ஒப்பந்தம் காகிதத்தில் இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க ஒரு குழந்தை தேவைப்பட்டது. பூசாரி அய்யன் என்பவரின் மகள் பஞ்சமி. அந்தச் சிறுமியை அழைத்துக்கொண்டு அய்யன்காளி ஊரூட்டம்பலம் அரசுப் பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் மறுத்தார். ஆணையைக் காட்டி, எதிர்ப்பை மீறி, பஞ்சமி வகுப்பில் உட்காரவைக்கப்பட்டாள். மற்ற பிள்ளைகள் எழுந்து வெளியேறினார்கள். வெளியே மோதல் வெடித்தது. சுற்றுப்புற ஊர்களுக்கும் கலவரம் பரவியது. புலையர் குடிசைகள் தாக்கப்பட்டன, பெண்கள் துன்புறுத்தப்பட்டார்கள். பள்ளிக்கூடமே கொளுத்தப்பட்டது.

ஒரு புலையச் சிறுமி உட்கார்ந்ததால் தீட்டுப்பட்டுவிட்டது என்று தங்கள் பிள்ளைகள் படித்த பள்ளியையே எரித்தவர்களைப் பற்றி என்ன சொல்வது? வழக்கமாக, தீட்டுக் கழிக்கத் தண்ணீர் தெளிப்பார்கள். பிள்ளைக்குக் கல்வி கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை, அந்தக் கல்வி இன்னொருவருக்கும் கிடைக்கக் கூடாது என்ற எண்ணம் எந்த நல்லொழுக்கத்தில் சேரும்?

அந்தத் தீயில் பாதி எரிந்த ஒரு பெஞ்சு இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. பள்ளிக்கு இப்போது அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டிருக்கிறது. மாணவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம்.

மார்பை மூடுவது யாருக்கு மானம்?

தீட்டைப் போலவே மானமும் சாதிக்கு ஒன்றாக இருந்தது. நம் மாவட்டத்தில் தோள்சீலைப் போராட்டம் தெரியாதவர்கள் இருக்க முடியாது. நாடார் பெண்கள் மார்பை மூடியதற்காகச் சந்தையிலும் சாலையிலும் அவர்களுடைய துணி கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் போராடிய பிறகு 1859-ல் மகாராஜா அனுமதி அளித்தார். அதிலும் ஒரு நிபந்தனை வைத்தார். மேல்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக் கூடாது. உடம்பை மறைப்பது குற்றமாக இருக்கவில்லை, ஒருவரைப் போல இன்னொருவர் தோன்றுவதுதான் குற்றமாக இருந்தது.

புலையப் பெண்களுக்கு அந்த அனுமதியும் வரவில்லை. கல்லும் கண்ணாடி மணியும் கோத்த கனத்த மாலைகளைக் கழுத்தில் கொத்தாகப் போட்டிருக்க வேண்டும். கல்லுமாலை என்று பெயர். அதைப் பார்த்ததும் சாதி தெரிய வேண்டும். மார்பு மறைய அவர்களுக்கு விதிக்கப்பட்டது அந்த மாலைகள்தான். ஒரு பெண் துணியால் மூடினால் அடக்கம். இன்னொரு பெண் அதே துணியால் மூடினால் திமிர். அடக்கம் என்ற சொல்லின் பொருள், உடுத்தியவளின் பிறப்பைப் பார்த்து மாறியது.

கல்லுமாலையை அறுத்தெறியுங்கள், ரவிக்கை போடுங்கள் என்று அய்யன்காளி பெண்களிடம் சொன்னார். தெற்கே தொடங்கிய இந்த இயக்கம் வடக்கே கொல்லம் வரை பரவியது. 1915 அக்டோபரில் கொல்லத்துக்கு அருகே பெரிநாட்டில் கோபாலதாசன் என்ற தலைவர் கூட்டிய கூட்டத்தில் தாக்குதல் நடந்தது. தொடர்ந்து கலவரம். ஏராளமான குடிசைகள் எரிந்தன, மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள்.

அய்யன்காளி கொல்லத்துக்கு விரைந்தார். அந்த ஆண்டின் இறுதியில் அங்கே பெரும் கூட்டம் கூடியது. தலைமை தாங்கியவர் சங்கனாச்சேரி பரமேஸ்வரன் பிள்ளை, நாயர் சமூகத்தின் முக்கியத் தலைவர். பல சாதியினரும் பார்த்திருக்க, ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கள் கழுத்திலிருந்த கல்லுமாலைகளை அரிவாளால் அறுத்துப் போட்டார்கள். மேடைக்கு அருகே மாலைகள் குன்றாகக் குவிந்தன.

கலவர வழக்குகளில் புலையர்களுக்காக வாதாடிய வழக்கறிஞருக்குக் கொடுக்கக் கட்டணம் இல்லாமல், அந்த மக்கள் கொல்லத்தில் ஒரு குளம் வெட்டிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஊர்க் குளத்தில் இறங்கக் கூடாது என்று விலக்கப்பட்டவர்களின் கை வெட்டிய குளம்.

பிரஜா சபையில்

1911 டிசம்பரில் அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அதற்கு முன் சபையில் புலையர்களின் குறைகளை எடுத்துப் பேசியவர் பத்திரிகையாளர் பி.கே. கோவிந்தப் பிள்ளை. எங்கள் மக்களுக்காக அவர்களிலிருந்தே ஒருவர் பேச வேண்டும் என்ற கோரிக்கையை அவரும் ஆதரித்தார். திவான் பி. ராஜகோபாலாச்சாரி காலத்தில் அது நிறைவேறியது. சாலையில் நடக்கக் கூடாது என்று பிறந்தவர், தலைப்பாகையும் கோட்டும் அணிந்து, திவான் தலைமை தாங்கும் சபையில் உட்கார்ந்தார். இன்று நாம் சுவரொட்டிகளில் பார்க்கும் தோற்றம் அதுதான். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த இடத்தில் இருந்தார்.

அங்கே அவர் கேட்டவை மிக எளியவை. குடியிருக்கவும் பயிர் செய்யவும் தரிசு நிலம், பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணச் சலுகை, படித்தவர்களுக்கு அரசு வேலை. விளப்பில் பகுதியில் 500 குடும்பங்களுக்குக் குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் என்று 500 ஏக்கர் நிலம் கிடைத்தது. சொந்த மண் இருந்தால் நிமிர்ந்து நிற்கலாம் என்பதைத் தன் வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர் அவர்.

குளிப்பதும் தீட்டும்

சங்கம் தன் மக்களுக்கும் விதிகள் வைத்தது. தினமும் குளிக்க வேண்டும், துணியைத் துவைத்து உடுத்த வேண்டும், குடிக்கக் கூடாது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். சண்டை சச்சரவுகளைத் தீர்க்க வெங்கானூரில் சமுதாய நீதிமன்றமும் நடத்தினார்கள்.

இதுவும் மேல்சாதிக்காரர்களின் ஆசாரத்தைப் பின்பற்றுவதுதானே என்று சில மாணவர்கள் நம்மிடம் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. தூய்மை வேறு, தீட்டு வேறு. தூய்மை குளித்தால் வரும், அழுக்கானால் போகும். யாருக்கும் வரும், யாருக்கும் போகும். தீட்டு அப்படி இல்லை. எத்தனை முறை குளித்தாலும் புலையரை விட்டுப் போகாது, குளிக்காவிட்டாலும் மற்றவருக்கு ஒட்டாது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வைத்ததில்தான் சாதியின் பிழைப்பு நடந்தது. நீங்கள் அழுக்கானவர்கள், அதனால் தள்ளி நில்லுங்கள் என்று சொன்னவர்கள், குளித்துச் சலவைத் துணி உடுத்தி வந்தவரைக் கண்டதும் ஏன் அடித்தார்கள்? அய்யன்காளியின் வெள்ளை வேட்டி இந்தக் குழப்பத்தை அவிழ்த்துக் காட்டியது. அழுக்குத் துணியில் வந்தவரை அவர்கள் யாரும் அடித்ததில்லை.

சமுதாய நீதிமன்றத்தையும் அப்படித்தான் நாம் பார்க்க வேண்டும். எது சரி, எது தவறு என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை தங்களுக்கும் உண்டு என்று ஒரு மக்கள் கூட்டம் நினைக்கத் தொடங்கியது. அதுவரை அவர்களுடைய ஒழுக்கத்தைத் தம்புரான்தான் தீர்மானித்துவந்தார்.

பத்துப் பட்டதாரிகள்

1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மகாராஜா ஆலயப் பிரவேச அறிவிப்பை வெளியிட்டார். அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. இரண்டு மாதம் கழித்து, 1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்கானூருக்கு வந்தார். புலையர்களின் ராஜா என்று அவரைப் பாராட்டினார். என்ன வேண்டும் என்று கேட்டபோது, கோயிலைப் பற்றியோ கடவுளைப் பற்றியோ அய்யன்காளி ஒன்றும் கேட்கவில்லை. தான் சாவதற்குள் தன் மக்களில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெற்றுப் பார்க்க வேண்டும் என்றார்.

ராஜா என்று அழைக்கப்பட்டவர் கேட்ட சீதனம் அது. பள்ளி வாசலைத் தாண்ட முடியாத சிறுவனாக இருந்தவர், 70 வயதைக் கடந்த பிறகும் அந்த வாசலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

1941 ஜூன் 18 அன்று அவர் காலமானார். 1980-ல் திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் அவருடைய சிலையை இந்திரா காந்தி திறந்து வைத்தார். 2019-ல் தலைநகரின் புகழ்பெற்ற விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலுக்கு அய்யன்காளி ஹால் என்று பெயர் மாற்றினார்கள். எந்தச் சாலையில் வண்டியில் உட்காரக் கூடாது என்று தடுத்தார்களோ, அந்த நகரத்தின் முக்கியச் சாலைச் சந்திப்பில் இப்போது அவர் நிற்கிறார்.

நாம் அளக்க வேண்டிய தூரம்

தீண்டாமை அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவால் ஒழிக்கப்பட்டது. இன்று யாரும் காலடியை எண்ணுவதில்லை. ஆனால் தூரம் வேறு அளவுகளில் அளக்கப்படுகிறது. டீக்கடையில் தனி டம்ளர், சுடுகாட்டுக்குத் தனிப் பாதை, தேர் திரும்பாத தெரு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடக்க வேண்டிய தெரு, பள்ளிச் சமையலறையில் யார் கை பட்டது என்ற விசாரிப்பு. பைக் ஓட்டியதற்கும், நல்ல சட்டை போட்டதற்கும் அடி வாங்கிய இளைஞர்களின் செய்திகள் இதே நாளிதழில்தான் வருகின்றன. 1893-ல் அந்த வில்வண்டியை மறித்தவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

இதையெல்லாம் ஊர் வழக்கம், ஊர்க் கட்டுப்பாடு, குடும்ப மானம் என்று சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது அய்யன்காளி செய்ததைப் போல ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இந்த வழக்கத்தால் யாருக்கு வேலை மிச்சம்? யாருக்குக் கூலி குறைவு? யாருடைய பிள்ளை பள்ளிக்குப் போகாமல் நிற்கிறது? விடை கிடைத்துவிட்டால், அது எந்தச் சாமி வைத்த ஆசாரம் என்று தனியாகத் தேட வேண்டியதில்லை.

கல்லூரியில் படிக்கும் நம் தம்பி தங்கைகளிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில் முதல் பட்டதாரி யார் என்று கேட்டு அவர் பெயரை எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத ஒருவர், யாரென்றே தெரியாத அந்தப் பத்துப் பேருக்காகக் காத்திருந்தார். உங்களுக்கு முன்னால் போனவரின் பெயராவது உங்கள் நோட்டில் இருக்கட்டும். அடுத்த வரி காலியாக இருந்தால், அங்கே உங்கள் பெயரை எழுதுங்கள்.